ரூடியை விடுதலை செய்யாத கதை

1

இந்தக் கதை ஒரு பன்றித் தொடையிலிருந்து வந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை, மன்னிக்கவும். பெர்லினில் அந்தக் குளிர்காலம் முழுக்க என் பாட்டு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கனவான்களும் திருடர்களும் ஒரே ஜாதி என்று மேடையில் பாட வைத்திருந்தேன். கனவான்கள் அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கினார்கள். திட்டத் திட்டக் கைதட்டுகிறார்கள், என்ன ஜென்மங்களோ!

கதாநாயகியாக நடித்தவள் எர்னா. அவளுடைய தம்பி ரூடிக்கு வேலை இல்லை. கசாப்புக் கடையில் ஒரு பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தெருமுனையிலேயே மாட்டிக்கொண்டான்.

2

[முதலில் எழுதிய தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது, ஏழையின் கண்ணீரைப் போல..." சீ! அடித்துவிட்டேன்.]

எங்கள் ஊர்த் திருடர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கொடி, பாட்டுக் குழு, வக்கீல் எல்லாம் உண்டு. அந்த வக்கீலைக் கேட்டு எர்னா சங்கத் தலைவர் கப்கேயிடம் ஓடினாள்.

"தம்பி நம்ம சங்கத்துல உறுப்பினரா?"

"இல்லீங்க. பசிக்குத் திருடிட்டான்."

"பசிக்கா? அடச்சே! நாங்க பெட்டகம் உடைக்கிறவங்கம்மா. மானம் மரியாதையா தொழில் பண்றோம். இவன மாதிரி ஆளுங்களாலதான் எங்க பேரே கெடுது."

(மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? அவர் போட்டிருந்த வெள்ளைக் கையுறையைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.)

3

நீதிபதி ஸ்டூபெல்லை நீங்கள் நம்பப் போவதில்லை. எழுதிய எனக்கே சந்தேகம்தான். நாடகத்தை விடாமல் வந்து பார்த்தவர் அவர். வழக்கும் அவரிடமே வந்தது. சாட்சி சொல்ல வந்த எர்னாவைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"அம்மணி, அந்தக் கடைசிப் பாட்டு... இங்க ஒரு தரம் பாடுவீங்களா?"

பசித்தவனைக் கூண்டில் ஏற்றும் ஊரைக் காறித் துப்புகிற பாட்டு அது. கூண்டில் நின்ற தம்பியைப் பார்த்தபடியே பாடினாள். காவலர் மூக்கைச் சிந்தினார். கசாப்புக்காரர் தேம்பினார். நீதிபதி அழுதுகொண்டே எழுந்து நின்று, "இன்னொரு தரம்!" என்றார். பாடினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு வருடம் என்று தீர்ப்பு வாசித்தார்.

4

"ஏன்யா, பெட்டகம் உடைச்சவன உன் நாடகத்துல மேயராக்கினியே! என் தம்பிய வெளிய விட்டா உன் பேனா தேஞ்சா போயிடும்? மாத்தி எழுது!" எர்னா என் மேசையில் ஓங்கி அறைகிறாள்.

எழுதிப் பார்த்தேன்.

(அ) நீதிபதி மனம் திருந்தி, தன் அங்கியைக் கழற்றி ரூடிக்குப்...

(ஆ) ஊர் சனம் சிறைக் கதவை உடைத்து...

இரண்டும் நன்றாகத்தான் வந்தன, அதுதான் வயிற்றெரிச்சல். படிப்பவர்கள் உருகிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ரூடி உள்ளேயே இருப்பான்.

"முடிவு நான் எழுத மாட்டேன் எர்னா."

"அப்ப யாரு எழுதுவா?"

உங்களைக் கை காட்டினேன். அவள் உங்கள் முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.

"இவங்களா? போச்சு போ. இவங்க கண்ணும் கலங்கிடுச்சே."