கடிகார அக்காவும் மென்பொருள் மாப்பிள்ளையும்

அந்த விண்வெளி மையத்தில் அவளைக் கடிகார அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுடைய தங்கை புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தார். அவருக்கு மென்பொருள் மாப்பிள்ளை என்று பெயர், அவர் காதுக்கு மட்டும் எட்டாத பெயர். ஆம்புலன்ஸும் மீன்பிடிப் படகும் எத்தனை நாளைக்கு அடுத்த நாட்டுச் செயற்கைக்கோளை நம்பி வழி தேடுவது என்று சொந்தமாக ஓர் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் செயற்கைக்கோளில் போகும் கடிகாரம் அக்காவின் பொறுப்பு, அதன் நேரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும் மென்பொருள் மாப்பிள்ளையின் பொறுப்பு. இருவர் அறைகளுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் காரில் எல்லோருமாகப் போனார்கள். அக்கா இடது பக்கம் என்றாள், மாப்பிள்ளை வலது பக்கம் என்றார். நாட்டுக்கே வழி சொல்லப்போகிற இரண்டு பேர் இறங்கி ஓர் ஆளிடம் வழி கேட்பதாவது! போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது வார்த்தை தடித்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கைதான்.

இப்போது முதல் செயற்கைக்கோள் மேலே போய்விட்டது. போன நாளிலிருந்து அதன் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே இருந்தது. விநாடியில் துளியிலும் துளிதான். ஆனால் அந்தத் துளியை வைத்துத் தூரம் கணக்கிட்டால் ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் தப்பாகிவிடும். நாளைக் காலை கூட்டம். இந்தக் கடிகாரத்தை ஓரம் கட்டிவிட்டு, அடுத்த செயற்கைக்கோள்களுக்கு வெளிநாட்டுக் கடிகாரம் வாங்கிவிடலாம் என்று தலைவர் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார். அக்காவுக்குத் தலை நரைத்ததே அந்தக் கடிகாரத்தோடுதான். பெற்ற பிள்ளையை ஊரார் மக்கு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு.

மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டுப்போன கடிகாரம் குடிகாரன் மாதிரி தள்ளாடும், ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். இதுவோ அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே சீராகப் பிந்தியது. எவ்வளவு என்று பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மைக்ரோ விநாடி.

அந்த எண்ணை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பூமியின் ஈர்ப்பு குறைந்த அவ்வளவு உயரத்துக்குப் போனால் எந்தக் கடிகாரமும் ஒரு நாளைக்கு அதே அளவு முந்தி ஓடும். அதனால் கீழே இருக்கும்போதே அந்த அளவைக் கழித்து மெதுவாக ஓட வைத்துத்தான் அனுப்பினாள். அதே அளவு பிந்துகிறதென்றால் வேறு யாரோ இன்னொரு தடவை கழித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, கழிக்கக்கூடிய ஆள் நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

நாளைக் கூட்டத்தில் எழுந்து அவர் தலையில் பழியைப் போட்டால் முடிந்தது கதை. அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது என்பதை மறைப்பானேன். அப்புறம்தான் ஒரு பழைய கூட்டம் நினைவுக்கு வந்தது. கல்யாணச் சண்டை நடந்த மறுவாரம். மேஜையின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவர். தலைவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் கழித்தலைப் பார்த்துக்குவீங்கல்ல?" என்று கேட்டார். இவள் தலையாட்டினாள். எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்திருந்தால் அவரும் தலையாட்டியது தெரிந்திருக்கும். யார் பார்த்தார்கள்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு ஜன்னலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்து நடைபாதையைத் தாண்டினாள். கதவைத் தட்டவில்லை, தட்டினால் திரும்பிப் போய்விடுவோம் என்று பயம்.

"மாப்பிள்ளை, நீங்களும் கழிச்சீங்களா?"

அவர் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் கேட்ட முதல் வார்த்தை இது. அவர் முகம் வெளிறிப்போனது.

"நீங்களுமா அண்ணி?"

"கீழேயே கழிச்சுட்டுத்தான் அனுப்பினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கழிச்சாச்சான்னு உங்களை ஒரு வார்த்தை கேக்க நினைச்சேன். வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வர மனசு வரலை. நமக்கென்ன, நாமளே கழிச்சுடுவோம்னு செஞ்சுட்டேன்."

"நானும் சொல்லியிருக்கலாம். வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. மேலே இருப்பதைத் தொட முடியாது, கீழே கணக்கில் இருக்கிற கழித்தலைத்தான் எடுக்க வேண்டும். அவர் உட்கார்ந்து எடுத்தார், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தாள். பொழுது சாய்வதற்குள் திரையில் சரிந்துகொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. பிள்ளை மக்கு இல்லை.

மறுநாள் கூட்டத்தில் இருவரும் ஒன்றாக எழுந்து நடந்ததைச் சொன்னார்கள், கல்யாணக் கதை உட்பட. யாரோ சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் சிரிக்கவில்லை.

"கடிகாரம் இருக்கட்டும், அதுமேல தப்பில்லை. ஆனா அடுத்த செயற்கைக்கோளுக்கு யார் கழிக்கப்போறது? இப்பவே சொல்லுங்க. இந்தத் தடவை ரெண்டு பேரையும் பார்த்துத்தான் கேக்கறேன்."

"அண்ணி கழிப்பாங்க சார்," என்றார் மாப்பிள்ளை. "கழிச்சதும் எங்கிட்ட வந்து சொல்லுவாங்க."

"சொல்லுவேன்," என்றாள் அக்கா.

சாயங்காலம் அவர் காரில்தான் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாலத்தைத் தாண்டியதும் சாலை மராமத்து, வழியை அடைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இடதா வலதா என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அக்கா கண்ணாடியை இறக்கி, நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, கொஞ்சம் வழி சொல்றீங்களா?"