சேர்மனின் முகம் காணாமற் போன கதை

நகரத்தில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் குஞ்சித்தம்பியிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஓரிடத்தில் சும்மா இருக்கிற பழக்கம் மட்டும் இல்லை. வாங்குப் பலகையில் குந்தினால் வலது கால் ஆடும். அதைப் பிடித்து நிறுத்தினால் இடது கால் ஆடும். இரண்டையும் அடக்கினால் வாய் ஆடத் தொடங்கிவிடும்.

இங்கிலீசுக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது, அங்கே சாமான் அறையில் வேலை பார்த்த குஞ்சித்தம்பியும் லாபிரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். குஞ்சித்தம்பி சைக்கிள் திருத்தும் கடை போட்டார். லாபிர் குடையும் அரிக்கன் லாம்பும் விற்றார். தினமும் காலையில், கடை திறக்குமுன், ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக்கடை வாங்கில் இருந்து இருவருமாக நகரசபையை நடத்துவார்கள். வாய்க்காலுக்கு ஏன் மூடி இல்லை? குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முதல் ஏன் காற்று வருகிறது? கக்கூஸ் வாளி வண்டி ஏன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்து வருகிறது?

கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஹிஸ்புல்லா ஒருநாள் சொன்னார்: “உங்களில ஒராள் எலக்சன் கேளுங்களன். மத்த ஆளாவது எனக்கு இந்த வாங்கை விட்டுத் தரும்.”

அந்த ஓராள் தான்தான் என்று இருவருமே நினைத்ததில் வந்தது வினை. ஒரே வட்டாரத்தில் இருவரும் நியமனப் பத்திரம் கொடுத்தார்கள். சின்னத்துக்குச் சீட்டுக் குலுக்கியபோது சைக்கிள்கடைக்காரருக்குக் குடையும் குடைக்கடைக்காரருக்குச் சைக்கிளும் விழுந்தன.

“உன்ட கடைக்குப் பஞ்சர் ஒட்ட வாறவன் எனக்குப் போடுவான். என்ட கடைக்குக் குடை வாங்க வாறவன் உனக்குப் போடுவான். மழை பெஞ்சாத் தெரியும் மச்சான்,” என்று சிரித்தார் லாபிர். பகலில் போட்டி, காலையில் தேத்தண்ணி என்று பேசிக்கொண்டார்கள்.

வட்டாரத்தில் வென்றால்தான் சபைக்குள் போகலாம். சபைக்குள் போன பிறகுதான் உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். குஞ்சித்தம்பிக்கு அவ்வளவு பொறுமை ஏது? கூட்டத்துக்குக் கூட்டம் “நான் சேர்மனாய் வந்தால்” என்றே பேச்சைத் தொடங்கினார். சனமும் அவரைச் சேர்மன் என்றே கூப்பிடத் தொடங்கியது. அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

சந்திக்குச் சந்தி குழாய், மீன் சந்தைக்கு ஓடு, துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகளுக்கு விளக்கு, வாளி வண்டிக்கு விடியுமுன் நேரம். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பதில் இல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: மான்.

கோட்டைக்குள் மேய வேண்டிய மான்கள் ஊருக்குள் வந்து கீரைப் பாத்தியைத் தின்றுவிட்டுப் போயின. வட்டாரத்தில் பாதிப்பேர் அவற்றைத் துரத்தவேண்டும் என்றார்கள். கோட்டைக்குள்ளால் கோயிலுக்குப் போய்வருகிற மீதிப்பேர், அவற்றில் கைவைத்தால் கை அழுகும் என்றார்கள். இரண்டு பாதியிலும் வாக்கு இருந்தது. ஆகவே மான் என்று யாராவது வாயெடுத்தால், “அதுக்கு ஒரு குழு போடுவன்,” என்று சொல்லிவிட்டுக் குழாய்க்கு ஓடிவிடுவார்.

படம் போட்ட நோட்டீஸ் வந்தது. இரவல் கோட்டுப் போட்டு எடுத்த படம். மனைவி ஞானமணி அதை நெடுநேரம் பார்த்தாள். “கோட்டு வடிவாய்த்தான் இருக்கு,” என்றாள். பிறகு அமெரிக்கன் கோதுமை மாவைக் கரைத்துக் குசினியில் பெரிய சட்டியில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். சைக்கிள்கடையில் கூட வேலை செய்கிற கதிராமன் பொழுதுபட்ட பிறகு அதைக் கொண்டுபோய் உட்துறைமுக வீதி முழுக்க ஒட்டினான்.

விடிந்து பார்த்தால் முகம் இல்லை. சில சுவரில் குடை மட்டும் நின்றது. ஒரு மதிலில் நெற்றியும் ஒரு கண்ணும் மிஞ்சியிருந்தன. பக்கத்திலேயே லாபிரின் முகம் ஒரு மூலைகூடக் கிழியாமல் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்ப ஒட்டினார்கள். திரும்பவும் முகம் போனது.

“நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை,” என்றான் கதிராமன். ஒன்றும் சொல்லவில்லை என்று தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் அல்லவா? “ஆனா உங்கட முகம் இல்லாட்டி ஆருக்கு லாபம் எண்டு யோசியுங்கோ.”

அடுத்தநாள் காலை தேத்தண்ணிக்கடையில் லாபிர் பக்கத்தில்தான் இருந்தார். “என்னடா மச்சான், ஊரெல்லாம் உன்ட ஒற்றைக் கண் என்னையே முறைச்சுப் பாக்குது?” என்று கேட்டுச் சிரித்தார். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று குஞ்சித்தம்பி அப்போதே வாய்திறந்திருக்கலாம். ஊரெல்லாம் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிற மனுசனுக்குப் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்க வாய் வரவில்லை. கால்தான் ஆடியது.

அன்று பின்னேரக் கூட்டத்தில் குழாயும் வாய்க்காலும் நன்றாகவே போயின. யாரோ ஒருவன் “மான் விஷயம் என்ன சேர்மன்?” என்று கத்தினான். குழுவுக்கு ஓடவேண்டிய குஞ்சித்தம்பி கோபத்துக்கு ஓடினார்.

“மானை விடுங்கோ! மனிசனைப் பாருங்கோ! காலமை என்னோட ஒரே வாங்கில தேத்தண்ணி குடிச்சிட்டு, இரவில என்ட முகத்தைக் கிழிக்கிறான் ஒருத்தன். அவன்ட கையில நகரசபையைக் குடுத்தால் நகரத்தையும் கிழிப்பான்!”

கைதட்டல் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் வாங்கில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. ஹிஸ்புல்லா ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். லாபிர் எதிர்ப்பேச்சுப் பேசுவார், திட்டுவார், தானும் பதிலுக்குத் திட்டலாம் என்று குஞ்சித்தம்பி காத்திருந்தார். லாபிரோ தன் கூட்டத்தில் குழாயைப் பற்றிப் பேசினாராம். முகத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு, “குஞ்சித்தம்பியப் பற்றி என்ட வாயால நான் ஒண்டும் சொல்ல மாட்டன்,” என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து குஞ்சித்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார். ஒரு சைக்கிளைக் கழற்றிப் பூட்டிவிட்டுத் திரும்பவும் கழற்றினார்.

ஆனால் வட்டாரம் அவர் பக்கம் சாய்ந்தது. முகம் கிழிந்தவன்மேல் சனத்துக்கு இரக்கம். “இதே சுதியில போனா வெற்றிதான் அண்ணை,” என்றான் கதிராமன்.

கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்த குஞ்சித்தம்பி, படத்தைத் திரும்ப ஒட்டச் செய்து, அடுத்தநாள் விடிகிற பொழுதில் உட்துறைமுக வீதி மதிலடிக்குப் போனார். ஆள் நின்றது. நாலு காலில் நின்றது.

புள்ளிமான் ஒன்று, அவசரமே இல்லாமல், அவருடைய நாடியிலிருந்து மேல்நோக்கித் தின்றுகொண்டிருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தது. படத்தையும் ஆளையும் ஒப்பிட்டதோ என்னவோ, படமே மேல் என்ற மாதிரி மறுபடியும் மீசையில் வாய்வைத்தது. “ஊய்!” என்றார். மான் மீசையோடு போய்விட்டது.

அப்படியென்றால் லாபிரின் முகம் ஏன் தப்பியது? குஞ்சித்தம்பி அக்கம்பக்கம் பார்த்தார். மதிலில் மிஞ்சிய பசையை நாக்கால் தொட்டார். நல்ல உப்பு. பிறகு பக்கத்து நோட்டீஸில் இருந்த லாபிரின் கன்னத்தடியில் நாக்கை வைத்தார். வாயெல்லாம் கசந்து எரிந்தது. பூச்சி அரியாமல் இருக்க அந்தப் பசையில் துருசு என்கிற மயில்துத்தம் போட்டிருக்கிறார்கள்.

துப்பிவிட்டுத் திரும்பினால், பள்ளிவாசலில் சுபஹு தொழுதுவிட்டு வருகிற லாபிர் தொப்பியோடு நடுத்தெருவில் நின்றார். நகரசபைத் தலைவராக வரவிருக்கிறவர் எதிராளியின் கன்னத்தை நக்கிவிட்டு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றதை முழுதாகப் பார்த்தார்.  குனிந்த தலையோடு போய்விட்டார்.

குஞ்சித்தம்பி நேரே குசினிக்குப் போனார்.

“இஞ்சை, பசைக்கு உப்புப் போட்டனியே?”

“ஓம். போடாமல்?” என்றாள் ஞானமணி, அடுப்பை ஊதியபடி.

“பசைக்கு ஆரும் உப்புப் போடுவினமோ?”

“உப்பில்லாமல் ஆக்கி வைக்கிறது செத்தவைக்கு. உசிரோட இருக்கிற மனிசன்ட முகத்துக்குப் பின்னால உப்பில்லாத கஞ்சியைத் தடவ என்னால ஏலாது. நீங்கள் தோத்தாலும் பரவாயில்லை, உசிரோட இருந்தால் காணும்.”

குஞ்சித்தம்பிக்கு அபிப்பிராயம் ஒன்றும் வரவில்லை. நிலத்தில் குந்தினார். கொஞ்ச நேரம் கால்கூட ஆடவில்லை.

கதிராமன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். “வாயைத் திறக்காதேங்கோ. இண்டைக்குக் கடைசிக் கூட்டம். மான் திண்டது எண்டு சொன்னால் சனம் சிரிக்கும். சிரிச்ச சனம் வோட்டுப் போடாது.”

“அப்ப லாபிர் கிழிச்சவனாகவே இருக்கட்டுமோ?”

“எலக்சன் முடியச் சொல்லுங்கோவன்.”

முடிந்த பிறகு சொல்லி என்ன, யார் கேட்பார்? பின்னேரம் மேடையில் குழாய் இல்லை, வாய்க்கால் இல்லை. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குஞ்சித்தம்பி சொன்னார்:

“என்ட முகத்தை லாபிர் கிழிக்கேல்லை. மான் திண்டது. என்ட கண்ணால கண்டனான். உப்புப் போட்ட பசை. உப்புப் போட்டது நான். ஒரு சொல் கேளாமல் அவனை இந்த ஒலிபெருக்கியில அவமானப்படுத்தினதும் நான். அதே ஒலிபெருக்கியில மன்னிப்புக் கேக்கிறன்.”

 உடனே பெண்கள் பக்கத்திலிருந்து ஞானமணியின் குரல் எழுந்தது.

“பொய்! உப்புப் போட்டது நான். அவருக்கு எங்கட வீட்டில உப்புப் போத்தில் எங்க இருக்கெண்டே தெரியாது!”

சனம் சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கதிரைகள் சரிந்தன. கதிராமன் மேடைக்குப் பின்னால் போய்க் குடைக் கொடியைச் சுருட்டத் தொடங்கினான்.

“அப்ப மான் விஷயம் என்ன சேர்மன்?” அதே குரல்.

ஓடுவதற்குக் குழுவும் இல்லை, கோபமும் இல்லை. நின்ற இடத்தில் யோசித்தார். “அதுகள் எங்கட ஊருக்குள்ள வாறது உப்புக்கும் பச்சைக்கும்தான் போல கிடக்கு. கோட்டைக்குள்ள ஒரு உப்புத் தொட்டியும் தண்ணித் தொட்டியும் கட்டிக் குடுத்துப் பாப்பம். அதுக்குப் பிறகும் வந்தால்… எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறன்.”

எலக்சன் காலத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அதுதான். அதற்குக் கைதட்டல் வரவில்லை. சனம் இன்னும் சிரித்து முடியவில்லை.

மறுநாள், வோட்டுப் போடுகிற நாள் காலையில், குஞ்சித்தம்பி நேரத்தோடு போய் வாங்கின் ஒரு நுனியில் இருந்தார். இரண்டு காலும் ஆடின. தேத்தண்ணி ஆறி ஏடு கட்டியது. தெருவில் போன இரண்டு பேர் அவரைப் பார்த்து மானைப்போலக் கையால் கொம்பு காட்டிவிட்டுப் போனார்கள்.

வாங்கின் மற்ற நுனி கீச்சிட்டது. லாபிர். முகத்தைப் பார்க்கவில்லை.

“ஹிஸ்புல்லா, ஒரு தேத்தண்ணி,” என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, “அந்த உப்புத் தொட்டி யோசனை நல்லம். நான் வெண்டால் அதைச் செய்வன்.”

“அது என்ட யோசனை.”

“உன்ட யோசனைதான். அதைத்தான் நான் செய்வன் எண்டுறன்.”

“நீ வெண்டிருவாய். நேற்று ஊர் சிரிச்ச சிரிப்பு உனக்கும் கேட்டிருக்கும்.”

லாபிர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். குஞ்சித்தம்பி தொண்டையைச் செருமினார். மேடையில் வந்த சொற்கள் வாங்கில் வரவில்லை. “மச்சான், நான்…” என்று தொடங்கி, கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கே கேட்டிருந்தால் நானில்லை எண்டு சொல்லியிருப்பன்,” என்றார் லாபிர். “ஒரு சொல் கேட்டிருக்கலாம் குஞ்சி.”

“ஓம்.”

 ஹிஸ்புல்லா வந்து ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு சூடான ஒன்றை வைத்தார்.

“துருசு எப்பிடி இரிந்திச்சு?” என்று கேட்டார் லாபிர், தெருவைப் பார்த்தபடியே.

“கசப்பு.”

“மதிலை நக்கினத நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல.” கோப்பையை வைத்துவிட்டு முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். “சொல்லியிருந்தா இண்டைக்கு உனக்கு உன்ட பொஞ்சாதிட வோட்டும் விழாது.”

குஞ்சித்தம்பியின் வலது கால் ஆடியது. லாபிர் கையை நீட்டி முழங்காலில் ஓர் அடி போட்டு நிறுத்தினார். இடது கால் ஆடத் தொடங்கியது.