இடமாக இருபது சுற்று

1964-ஆம் வருஷம் தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் நடந்த கார் பந்தயத்தில், ஓட்டிய பதினோரு பேருக்கும் சுற்றுக்கு ஒரு மாதம் வீதம் வயது குறைந்தது. அந்த வாரம் மணிலாக் கொட்டை வரத்து அதிகமாக இருந்ததால் கடைவீதியில் முதலில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

பந்தயத்தை நடத்தியது சென்னையிலிருந்து வந்த ஒரு மோட்டார் சங்கம். பெரிய பந்தயங்களுக்குப் போவதற்கு முன்னால் புதியவர்களைப் பழக்கி ஆளாக்குவதற்கென்று ஊர் ஊராக ஐந்து பந்தயங்கள். அதில் செஞ்சி மூன்றாவது. ஒற்றை ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கார்கள். கூரை இல்லை, மட்கார்டு இல்லை, நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கடைவீதிக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கோமணக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ராஜகிரி மலையைச் சுற்றிப் புதிதாகத் தார் போட்ட நாலு மைல் சாலையில் இருபது சுற்று என்று ஏற்பாடு. சங்கத்தின் காரியதரிசி வரைபடத்தை விரித்து, ஓட்டுகிறவர்களின் இடக்கைப் பக்கம் மலை இருக்கும் என்று காட்டினார்.

"மேல அம்மன் இருக்குதுங்க. வலமாத்தான் சுத்தணும்," என்றாள் பூக்கடை ரத்தினம்மாள். வளைவுகள் இப்படிப் போனால்தான் வாகாக வரும் என்றார் காரியதரிசி. ஜவுளிக்கடை ஆதிநாராயணன் தீர்த்து வைத்தார். "அவங்க மலையையா சுத்தறாங்க? ரோட்டைத்தானே சுத்தறாங்க!" வந்த விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்பதில் செஞ்சிக்காரர்கள் எப்போதும் குறியாக இருப்பார்கள். ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

ஓட்ட வந்தவர்களில் ஒருவனுக்குக் காலையிலேயே வயிறு கெட்டுவிட்டது. வண்டிகளுக்கு நட்டு முடுக்க வந்திருந்த லாரி மெக்கானிக் கோதண்டராமனை அந்த இடத்தில் ஏற்றினார்கள். அவன் மூன்று மாதமாக யாருடனும் பேசுவதில்லை. ஐப்பசியில் அவனுடைய ஐந்து மாதப் பெண் குழந்தை ஞானம்பாள் காய்ச்சலில் போய்விட்டாள். மனைவி உண்ணாமலையும் அவனும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. ஓட்டுகிறாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

ஐந்தாவது சுற்றில் ஒரு பையனின் மீசை மெலிந்தது. எட்டாவது சுற்றில் ஒரு கார் சாலை நடுவில் நின்றது, உள்ளே இருந்தவன், "சார், இதுல பிரேக்கு எங்க இருக்குது?" என்று மாடு மேய்ப்பவரிடம் கேட்டான். அவன் கார் ஓட்டக் கற்று ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் தாங்கள் கற்றுக்கொண்ட நாளைத் தாண்டிப் பின்னால் போய், ஓட்டத் தெரியாமல் இறங்கி நின்றார்கள். டயர்கள் மட்டும் தேயாமல் புதுசாகிக்கொண்டே வந்தன. ஒன்பது வருஷம் லாரி ஓட்டிய கோதண்டராமன் ஒருவனே இருபதையும் முடித்தான். காரியதரிசி தன் நோட்டில், மற்ற பத்துப் பேரும் மேலும் பயிற்சி பெற வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உண்ணாமலை முன்னால் வந்தாள். கழுத்தில் மாலையோடு நின்றவன் கண்ணாடியைக் கழற்றி மரியாதையாகக் கேட்டான்: "இன்னாம்மா, யாரைத் தேடறீங்க?"

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு மாதம். அவன் இருபது மாதம் பின்னால் நின்றான். இன்னும் பெண் பார்க்கவே வரவில்லை.

மறுநாள் காரியதரிசி ஒரு பஸ்ஸை அமர்த்தி, பையன்களை ஏற்றி மலையை வலமாகச் சுற்றி, அவரவர் ஓட்டிய சுற்றுக் கணக்கு தீர்ந்ததும் இறக்கிவிட்டார். எண்ணியவர் நடுவில் தூங்கிவிட்டதால் கடைசி ஆளுக்கு ஒரு சுற்று கூடிவிட்டது. அவன் கையில் மாவுக்கட்டோடு இறங்கினான். எப்படி உடைந்தது என்பது அடுத்த மாதம் தெரியும் என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பஸ்ஸுக்குக் கோதண்டராமனைக் கூப்பிட ஆள் வந்தபோது உண்ணாமலை வாசலை மறித்து நின்று, "அவருக்கு வயித்து வலி," என்றாள். உள்ளே அவன் சீட்டி அடித்துக்கொண்டே முகம் கழுவிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை அவள் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவள்தான் மனைவி என்று ஊரே சாட்சி சொன்னதும் அவன் நம்பினான். "எனக்குப் போயி இவ்ளோ நல்ல பொண்ணா பாத்திருக்காங்க!" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொன்னான். மல்லிகைப்பூ வாங்கி வந்து, கையில் கொடுக்க வெட்கப்பட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போனான். குழந்தையைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ரத்தினம்மாள் கடை கடையாகச் சொல்லி வைத்தாள். எதையும் அரை நாள் அடக்கி வைத்தறியாத செஞ்சிக் கடைவீதி இரண்டு மாதம் இதை அடக்கி வைத்தது.

உண்ணாமலைக்குத்தான் முடியவில்லை. அவன் சிரிக்கச் சிரிக்க, ஞானம்பாள் தனக்கு மட்டும் பிறந்து தனக்கு மட்டும் செத்தவளாக ஆகிக்கொண்டு வந்தாள். பங்குனியில் ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பக்கத்துத் தெருச் செய்தியைக் கேட்பதுபோல் கேட்டு, "பாவம்," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இலையை மூடினான். "நான் போயிப் பாத்துட்டு வரேன்," என்றான்.

மறுநாள் விடியலில் ஒரு வாடகை சைக்கிளில் மலையை வலமாகச் சுற்றக் கிளம்பினான். அவளும் கூடப் போனால் அவளுக்கும் இருபது மாதம் கூடிவிடும், ஒருவரையொருவர் எட்டிப் பிடிக்கவே முடியாது. ஆகவே பந்தயம் தொடங்கிய இடத்தில் ரத்தினம்மாளோடு உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது சுற்று முடிந்து வந்தவன் வேகத்தைக் குறைத்து, "தாலி கட்டறப்ப என் கை நடுங்குச்சே, பாத்தியா நீ?" என்றான். ஏழில் புளிப்பு மாங்காய் வேண்டுமா என்று விசாரித்தான். பன்னிரண்டில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வந்தான். "பொண்ணுடி! மூக்கு அப்படியே உன்னோடது!"

பதினாறாவது சுற்றில் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான். வேர்வை வழிந்தது. "போதும், வா. வூட்டுக்குப் போலாம். கொழந்த இந்நேரம் முழிச்சிருக்கும். நேத்து கவுந்து படுத்துச்சே, பாத்தல்ல?"

ரத்தினம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இதோட நிறுத்திக்கோடி. நல்லா இருக்கிறான். கூட்டிக்கினு போ."

உண்ணாமலை சாலையைப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு போனால் அவன் போய்த் தூளியைத் தேடுவான். நாளைக்கும் தேடுவான். அவனை இவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு சுத்து, போயிட்டு வாங்க," என்றாள்.

"நீ வேற," என்று சிரித்துக்கொண்டே மிதித்தான்.

அரை மணியில் வர வேண்டியவன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு பர்லாங்கு தூரத்திலேயே நடையைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, சைக்கிளைக் கீழே விட்டு, மண்ணில் உட்கார்ந்தான். ரத்தினம்மாள் எழுந்து தள்ளிப் போனாள்.

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "இன்னும் மூணு இருக்குதே. போகணுமா?"

அந்த மூன்றும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாதங்கள்.

"வேணாம்," என்றாள் உண்ணாமலை. "அத இங்கயே ரெண்டு பேருமா இருந்துடலாம்."

கோதண்டராமன் அதன் பிறகு மூன்று மாதம் குறைவாகவே இருந்தான். யாரும் குற்றம் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் சாலையோரக் கல்லில் வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டார்கள். குழந்தையைப் புதைத்த இடத்தில் அவர்கள் ஐப்பசியில் ஒரு தடவையும் பங்குனியில் ஒரு தடவையும் பால் ஊற்றினார்கள். பால்காரர் காரணம் கேட்டதில்லை. வருஷத்தில் அந்த இரண்டு நாளும், சொல்லாமலே, ஒரு ஆழாக்கு கூடக் கொண்டு வந்தார்.