நன்றி சொன்னதும் எழுந்து போனவர்கள்

ஜப்பானின் தகாமாட்சு நகரில் கையுறை செய்யும் அந்த நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை புது மின்னஞ்சல் மென்பொருள் வந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் ஒரிஹாராவுக்கும் அதற்கும் பகை முற்றிவிட்டது.

ஒரிஹாராவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை ஒரு குரல் அவள் காதில் படித்துச் சொல்லும். மவுஸைத் தொடமாட்டாள், எல்லாமே விசைப்பலகைதான். குளிர்காலத்துக்குக் கையுறை கேட்டு எழுதும் கடைக்காரர்களுக்கு அவள்தான் பதில் போடுவாள். பக்கத்து மேஜை மினோபே ஒரு கடிதத்தைத் திறந்து வாசிப்பதற்குள் அவள் பதிலே அனுப்பியிருப்பாள். அதெல்லாம் பழைய மென்பொருளில்.

"புதுசுல ஒரிஹாராவால வேலை செய்ய முடியுதான்னு சாயங்காலத்துக்குள்ள பார்த்துச் சொல்லுங்க," என்று மினோபேயைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார் பிரிவுத் தலைவர் கொமெதானி. "அவங்களால முடியலைன்னா பதில் எழுதுற வேலை உங்களுக்கு. அவங்க போன் மட்டும் எடுக்கட்டும்."

அந்த வேலையைத் தனக்குத் தரும்படி மினோபே முன்பே கேட்டிருந்தாள். அதனால் ஒரிஹாரா தடுமாறும்போதெல்லாம் நெஞ்சின் ஓரத்தில் ஏதோ இனித்தது. இனிப்பதைக் கவனித்த மறுகணம் கசந்தது.

ஒரு கடிதத்தை அழித்தால் பழைய மென்பொருள் அடுத்த கடிதத்தில் கொண்டுபோய் நிறுத்தும். புதியது நட்டாற்றில் விட்டுவிடும். காதிலிருக்கும் குரலும் வாயை மூடிக்கொள்ளும். அப்படியொரு மௌனத்தில், பதில் எழுதும் கட்டத்துக்குள் இருப்பதாக நினைத்து, ஒரிஹாரா வழக்கமான முதல் வரியை அடித்தாள். 'எப்போதும் தரும் ஆதரவுக்கு நன்றி.' அந்த வரி இல்லாமல் அங்கே யாரும் கடிதம் தொடங்குவதில்லை. விரல்கள் மனதைக் கேட்காமலே ஓடிவிடும். ஆனால் அவள் நின்றிருந்ததோ கடிதப் பட்டியலில். அங்கே எழுத்துகள் எழுத்துகளல்ல, கட்டளைகள். ஒன்று ஒரு கடிதத்தை ஒளித்தது. இன்னொன்று அடுத்ததைக் குப்பையில் தள்ளியது. நன்றி முடிவதற்குள் பட்டியலில் பாதி காலி.

"என்ன ஆச்சு, ஒரிஹாரா சான்?"

"நன்றி சொன்னேன். வந்திருந்தவங்க எல்லாரும் எழுந்து போயிட்டாங்க."

மினோபேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டி மவுஸைப் பிடித்தாள். "நகருங்க, ஒரே நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

"தொடாதீங்க! நீங்க கிளிக் பண்ணா கடிதம் கிடைச்சிரும், நான் தொலைஞ்சிருவேன். ரோட்டோரம் நிக்கிறவளைத் தூக்கிக்கிட்டுப் போய் வேற தெருவுல இறக்கிவிட்டா எப்படி இருக்கும்?"

"உதவிதானே பண்ண வந்தேன்."

"தூக்குறவங்களும் அதையேதான் சொல்றாங்க."

மினோபே தன் இடத்துக்குப் போய் மவுஸைக் கவிழ்த்து வைத்தாள். ரோஷம்தான். விசைகளால் மட்டும் ஒரு கடிதத்தை எட்டப் பார்த்தாள். திரை நாட்காட்டிக்குப் போனது, விளம்பரத்துக்குப் போனது, பிறகு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்க, தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை. இந்தத் திரை முழுவதையும் ஒரு வீட்டைப்போல மனதுக்குள் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருடம் பக்கத்தில் நடமாடியிருக்கிறாள். அவளுடைய வேகத்தைப் பார்த்து மட்டும்தான் இதுவரை பொறாமைப்பட்டோம் என்று தோன்றியது.

மத்தியானம் உதோன் நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டும் ஒரிஹாரா அசையவில்லை. ஓடிப்போன கடிதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தனக்குத்தானே அனுப்பிய வெற்றுக் கடிதங்களின் மேல் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தாள். "இது ஒளிக்குது. இது அழிக்குது, சனியன். இது... ஒண்ணுமே பண்ணலையே! மினோபே சான், கிடைச்சிருச்சு!"

"என்ன கிடைச்சுது?"

"எந்த வேலையும் இல்லாத ஒரு எழுத்து. முதல்ல அதைத் தட்டுவேன். குரல் அதைப் படிச்சா கட்டத்துக்குள்ள இருக்கேன். படிக்கலைன்னா இன்னும் வெளியிலதான். யாருக்கும் சேதம் இல்ல."

"கதவைத் தட்டிட்டு உள்ள போறீங்க."

"நல்ல குடும்பத்துப் பொண்ணு இல்லையா!"

அதன் பிறகு அவள் தட்டினாள், கேட்டாள், அழித்தாள், எழுதினாள். மாலை சாய்வதற்குள் அந்த முதல் தட்டல் விரல்களின் ஓட்டத்தோடு கலந்துவிட்டது. மினோபே தன் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொமெதானி வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"அவங்களே எழுதட்டும். அழிச்சதும் ஆளை நடுவழியில விடுறது மென்பொருளோட கோளாறு. செஞ்சு கொடுத்தவங்களைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லணும். நானே பேசுறேன்."

"அந்த வேலை வேணும்னு கேட்டது நீங்கதானே?"

"இப்பவும் வேணும்தான்," என்றாள் மினோபே. "ஆனா இடம் காலியா இல்லையே."

பக்கத்து மேஜையில் விசைகள் நிற்கவில்லை. "ரெண்டு பேரும் தள்ளிப் போய்ப் பேசுங்க," என்றாள் ஒரிஹாரா. "ஹொக்கைடோ கடைக்காரர் கடிதத்துல ஏதோ சொல்றாரு, காதுல விழமாட்டேங்குது."