கெளுத்தியின் வயிற்றில் இருந்தது

தம்பி மீன் வியாபாரிக்குத் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூறு. அது தீரும்வரை படகு அடமானம். இன்றைக்குக் கிடைத்த இரண்டு கூடைக் கெளுத்தியை நிறுத்துப் போட்டால் பாதிக்கு மேல் கழிந்துவிடும் என்று கரையிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தான். அவன் சிரித்து வெகுநாளாயிற்று.

வியாபாரியின் கொட்டகையில் மீன் வெட்டுவது அக்கா. வெட்டிய மீன் பள்ளி விடுதிச் சமையலறைக்குப் போகும். முதல் மீனின் வயிற்றைக் கீறியவள் கத்தியை அப்படியே நிறுத்தினாள். உள்ளே உருண்டையாகச் செம்புழு.

நடு ஏரியில் மேயும் கெளுத்தி என்றால் வயிற்றில் நத்தை ஓடு இருக்கும், மீன்குஞ்சு இருக்கும். வெறும் செம்புழு தின்ன வேண்டுமானால் ஒரே இடம்தான்: சாயப்பட்டறைக் கால்வாய் வந்து விழும் இடம். அந்தச் சேற்றில் நத்தை செத்தது, கூனி இறால் செத்தது, புழு மட்டும் பெருகிக் கிடந்தது. அங்கே வலை போடத் தடை. அந்த மீனைத் தின்ற பக்கத்து வீட்டுக்காரி இன்னும் படுத்த படுக்கை.

"எங்கடா பிடிச்ச?"

"நடு ஏரியிலக்கா."

"வயிறு வேற சொல்லுது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "நடு ஏரியில வலை போட்டா வலைதான்க்கா திரும்பி வருது. குடலை எடுத்துட்டா, மீன் வாயைத் திறந்து சொல்லவா போகுது?"

தராசோடு வந்தார் வியாபாரி. "அக்காவும் தம்பியும் யாருக்குக் காது குத்துறீங்க?"

அவள் பிளந்த மீனை அவர் முன் நீட்டினாள். "கால்வாய் மீனுண்ணே. பிள்ளைங்க திங்கிறது."

அவர் முகம் மாறவில்லை. "நல்லாக் கழுவும்மா. விடுதிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் எழுந்தாள். அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து இரண்டு கூடையிலும் ஊற்றினாள்.

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல, சரி. தட்டிவிட்டது கூடப்பொறந்தவளா இருக்கணுமா?"

"படகை விட்டுட்டுப் போ," என்றார் வியாபாரி. "பாக்கியை அழிச்சிடறேன்."

துடுப்பைச் சுவரோரம் சாத்திவிட்டு அவளைப் பார்க்காமலே போனான்.

மறுநாள் விடியலில், விட்டுவந்த கத்தியை எடுக்கப் போனாள். படகில் வேறொருவன். கரையை விட்டதும் படகு கால்வாய்ப் பக்கம் திரும்பியது. கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியிருந்த தம்பியின் பாக்கியை வியாபாரி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.