இன்றேல், ஏன்?

முகம் கழுவினேன், பாண் தின்றேன், அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறினேன். நான் ஒரு எம்.பி.யின் செயலாளர். அவர் பெயரில் சுகாதார அமைச்சருக்கு நான் எழுதிய கேள்விக்குப் பதில் வந்திருந்தது.

என் மனைவி றொசானா இறந்த திகதியைப் போட்டு, பாராளுமன்றக் கேள்விகளின் வழக்கமான வடிவத்தில் கேட்டிருந்தேன்: அன்று ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் ஓடும் நிலையில் இருந்ததா? இன்றேல், ஏன்?

"முதலாவதுக்கு 'ஆம்'னு பதில். அதனால ரெண்டாவது கேள்வி எழாதாம்," என்றார் எம்.பி. "ஓடுச்சுன்னா ஏன் வரலன்னு கேக்காம விட்டுட்டீங்களே, தம்பி."

அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வராததால் வண்டி பழுது என்றே நம்பியிருந்தேன். அன்று அம்புலன்ஸை எதிர்பார்த்து ஒரு மணி நேரம் சந்தியில் நின்றேன். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சில்லை. போகச் சொன்னது அவள்தான்.

"நீங்க சந்தியில போய் நில்லுங்க. வீடு தெரியாம தேடுவாங்க."