பச்சைக் கோட்டும் பன்னிரண்டு மூட்டைகளும்

பழைய சாமான் கடைக்குள் நுழைந்துவிட்டால் தையற்காரிக்குக் கை சும்மா இருக்காது. துணி என்றால் உட்புறத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பாள். பீங்கான் என்றால் விளிம்பில் நகத்தால் சுண்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். வாரம் முழுக்க மருத்துவமனைத் துணிக் கிடங்கில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவளுக்கு, சனிக்கிழமை மத்தியானம் அண்ணியோடு கடை கடையாக ஏறி இறங்குவதுதான் ஒரே ஆடம்பரம்.

அந்தச் சனிக்கிழமை பெரிய தெருவில் புதுக்கடை ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மை ஒன்று கரும்பச்சைக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. தையற்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன, கால் ஒட்டிக்கிச்சா?" என்றாள் அண்ணி.

"அண்ணி, அது என் கோட்டு."

"உன் கோட்டு மாதிரின்னு சொல்லு."

"மாதிரி இல்ல. என்னோடதேதான்."

இரண்டு மாதத்துக்கு முன் அடுத்த தெருவில் ஒரு குடியிருப்பு தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் முப்பது குடும்பம் கட்டிய துணியோடு வெளியே நின்றது. மருத்துவமனையில் வார்டு துடைக்கிற பெண்ணின் வீடும் அதில் ஒன்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு வீடாக வந்து, "நல்லதாப் பாத்துக் கொடுங்க, குப்பையைக் கொடுக்காதீங்க" என்று கேட்டார். தையற்காரி ஒரு ராத்திரி பூரா யோசித்துவிட்டுத் தன் பச்சைக் கோட்டையே எடுத்துக் கொடுத்தாள். எப்போதோ ஒரு பழைய சாமான் கடைக் குவியலின் அடியில் கிடந்ததைக் கண்டெடுத்து, நைந்த உள்துணியைப் பிரித்து, ஊதா நிறத்தில் புதுசு வைத்துத் தைத்த கோட்டு அது. வார்டுப் பெண்ணோ வேறு யாரோ, குளிருக்குப் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

உள்ளே போய்ப் பொம்மையின் கோட்டை விரித்துப் பார்த்தாள். ஊதா உள்துணி. இடது பக்கம் மூக்குக் கண்ணாடி வைக்க அவள் தைத்த சின்னப் பை.

கடைக்காரி சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். "நல்ல கண்ணு மேடம் உங்களுக்கு. ஒரு பெரிய பாடகி வெளிநாட்டுல தைச்சுப் போட்டது. ஐம்பது வருஷப் பழசு. அந்த உள்துணியைப் பாருங்க, இந்த மாதிரி வேலை இப்ப யார் செய்றா?"

"நான் செய்றேன்" என்றாள் தையற்காரி. "மருத்துவமனை மிஷின்ல, சாப்பாட்டு நேரத்துல. இந்த மூலைல நூல் தீர்ந்துபோய் வேற நூல் போட்டேன், பாத்துக்கோ. பாடகியாம் பாடகி!"

கடைக்காரியின் சிரிப்பு வடிந்தது. நூலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அக்கா, சத்தியமா நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். ஒரு பெரியவர் பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்தார். யாருக்கும் வேண்டாததுன்னு சொன்னார். பாடகிக் கதை மட்டும் நான் கட்டினது. கதை இல்லாம ஓட மாட்டேங்குது."

"பெரியவர் எப்படி இருப்பார்?"

மீசையைச் சொன்னாள், மூக்குப்பொடி நிற ஸ்கூட்டரைச் சொன்னாள். அண்ணி, "அடப்பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையற்காரி கோட்டைப் பொம்மையிலிருந்து கழற்றித் தானே போட்டுக்கொண்டாள். "கடையைப் பூட்டு. நீயும் வா."

மூன்று பெண்களும் போனபோது செயலாளர் வாசலில் அந்த ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கண்டதும் துணி கையிலேயே நின்றது. ஆனால் பதறவில்லை. அதுதான் தையற்காரிக்கு இன்னும் எரிந்தது.

"உட்காரும்மா, சொல்றேன். எல்லாருக்கும் ஆளுக்கொரு போர்வை, ஒரு வாளி கொடுத்தாச்சு. இந்தக் கோட்டு, பீங்கான், சரிகை மேசை விரிப்பு இதெல்லாம் அவங்க என்ன பண்ணுவாங்க? அருமை தெரியாது. தரை துடைச்சிடுவாங்க. அதான் தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்னு கொடுத்தேன். வந்த பணம் சங்கத்துக்குத்தான்."

"சங்கத்துக்கா? சங்கத்துல என்ன புதுசா இருக்கு, உங்க நாற்காலியைத் தவிர?" என்று அண்ணி கேட்டாள்.

தையற்காரி ஸ்கூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். "பணத்தை விடுங்க சார். அருமை தெரியாதுன்னு எப்படிச் சொன்னீங்க? நானும் இன்னொருத்தர் போட்டுக் கழிச்சதைப் பொறுக்கித்தான் உடுத்தறேன். எனக்கு அருமை தெரியலையா? வீடு எரிஞ்சா கண்ணும் அவிஞ்சு போயிடுமா? அவங்களுக்கு வேண்டாம்னா அவங்க சொல்லணும். நீங்க யாரு சொல்றதுக்கு?"

சத்தம் கேட்டு மாடிகளில் தலைகள் எட்டிப்பார்த்தன. கடைக்காரியும், "என் காசைத் திருப்பிக் கொடுங்க, என்னைத் திருட்டுச் சாமான் விக்க வச்சுட்டீங்களே" என்று பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் பார்க்கும்போது செயலாளரால் மீசையை முறுக்க முடியவில்லை. கோட்டுக்கு வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து கடைக்காரியிடம் கொடுத்தார். மற்றவை ஏறக்குறைய எல்லாமே கடையில் விற்றுப்போயிருந்தன.

திங்கட்கிழமை தையற்காரி கோட்டை வார்டுப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் போட்டுப் பார்க்கவில்லை. முதலில் உட்புறத்தைப் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"வேலை சுத்தமா இருக்குக்கா. ஆனா பச்சை எனக்கு ஒத்துவராது. முகம் சோகை பிடிச்ச மாதிரி ஆயிடும். என் தங்கச்சி போடுவா, அவளுக்குக் கொடுக்கட்டுமா?"

தையற்காரிக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. "தாராளமா. தோள்ல பிடிச்சுத் தைக்கணும்னா அவளைக் கூட்டிட்டு வா."

கோபம் மட்டும் அடங்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, தீ விபத்துக்காக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினாள். நீலக் கோடு போட்ட தேநீர்க் கோப்பைகள் ஆறு. குழந்தையின் கம்பளித் தொப்பி. கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே வைத்திருந்த மேசை விரிப்பு. நான்கு பக்கம் வந்தது. அதைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், செயலாளர் கையெழுத்துப் போட்ட அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

மறுநாள் கிழிக்கப்பட்டிருந்தது. அவள் இன்னொரு பிரதி ஒட்டினாள். இந்தத் தடவை பசையைக் கெட்டியாகப் பூசினாள்.